கடினமாகி வலுவிழக்கும் உலோகம்

போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காயும், முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையும், விடியுமுன் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் விரையும் ஜீப்புகளுமே நினைவுக்கு வந்த காலம் போய், சுமார் பதினைந்து ஆண்டுகளாக நியூட்ரினோ என்னும் விஞ்ஞானச் சொல்லும் அவ்வூரின் பேச்சு வழக்கில் இடம்பெற்றுவிட்டது. பொட்டிப்புரத்தை அடுத்த அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் முடிவில், நாற்புறமும் 1 கிலோமீட்டர் அளவுக்குப் பாறைக் கவசம் சூழ்ந்திருக்க, 50,000 டன் இரும்பாலான காந்த உணர்கருவி ஒன்றை நிறுவும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் இசைவளித்தது. காட்டையும் நீரையும் அருகிலுள்ள மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவையும் முன்னிட்டு எழுந்த எதிர்ப்பும், பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்த வழக்கும், மாநில அரசின் மறுப்பும் சேர்ந்து அத்திட்டத்தைத் தடுத்து நிறுத்தின. அந்த விவாதத்தின் நியாய அநியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனூடே சாதாரண மக்கள் எழுப்பிய ஒரு கேள்வி மட்டும் தனித்து எடுத்துப் பேசத் தக்கது: கதிர் பட்டால் கல்லும் இரும்பும் என்ன ஆகும்?

முதலில் நியூட்ரினோவைப் பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடலாம். சூரியனில் பிறந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பூமியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் வினாடிக்கு 6,000 கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஊடுருவிச் செல்கின்றன. நம் உடலையும் வீட்டையும் மலையையும் அவை எந்த அடையாளமும் வைக்காமல் கடந்து போகின்றன. பொட்டிப்புரத்தில் வைக்கக் கருதிய அந்த 50,000 டன் இரும்பிலேகூட, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களில் நாளொன்றுக்குச் சில மட்டுமே மோதும் என்பது பௌதிக சாஸ்திரிகளின் கணக்கு. வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தடுப்பதற்காகவே மலையின் கவசம் வேண்டப்பட்டது; உள்ளிருக்கும் எதையும் அடைத்துவைப்பதற்காக அன்று. எனவே நியூட்ரினோவினால் இரும்பின் சுபாவம் மாறுமோ என்ற ஐயத்துக்கு இடமில்லை.

ஆயினும் கதிர் பட்டுச் சிதைந்த பொருள் ஏலமலைக்குப் புதிதன்று. அந்த மலைத்தொடர் பெரும்பாலும் சார்னோக்கைட் வகைப் பாறைகளால் ஆனது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறிய அப்பாறைகளில், மணலைவிட நுண்ணிய சிர்க்கான் என்னும் தாதுவின் படிக மணிகள் ஆங்காங்கே பொதிந்து கிடக்கின்றன. சிர்க்கான் வளரும்போதே சிறிதளவு யுரேனியத்தையும் தோரியத்தையும் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. அந்த யுரேனிய அணு ஓர் ஆல்ஃபா துகளை உமிழும்போது, உமிழ்ந்த அணுக்கருவே எதிர்த்திசையில் உதைத்துத் தள்ளப்பட்டு, தன்னைச் சுற்றியுள்ள அணுக்களில் ஏறத்தாழ ஓர் ஆயிரத்தை நிலைகுலைத்துவிடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால், யுரேனியம் மிகுந்த சிர்க்கான் மணி தன் படிக ஒழுங்கை இழந்து, பருத்து, மென்மையாகி, வெடிப்பு விடுகிறது. பாறைக்குள் இருக்கும் தாதுப் படிகத்துக்கு நேரும் கதி இது. உலோகப் படிகத்துக்கு நேருவது இதற்கு நேர்மாறானது: அது படிகமாகவே இருக்கிறது, மென்மையாவதற்குப் பதிலாகக் கடினமாகிறது, அந்தக் கடினத்தினாலேயே ஆபத்துக்கு உள்ளாகிறது. இந்த விந்தையை விளங்கிக்கொள்ளப் போடியின் மலையிலிருந்து வங்கக் கடலோரத்துக் கல்பாக்கம் வரை நாம் செல்ல வேண்டியிருக்கும்.

உலோகத்தைப் படிகம் என்று சொன்னால் நம்மில் பலர் நம்பத் தயங்குவர். கற்கண்டும் உப்பும்தானே படிகம் என்பர். கடையிலிருந்து புதிதாக வாங்கிய, துத்தநாக முலாம் பூசிய கூரைத் தகரம் ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அதன் முகத்தில் பலகோண வடிவமான திட்டுகள், ஒன்று பளபளப்பாகவும் பக்கத்தில் இருப்பது மங்கலாகவும், எல்லை வகுத்துக்கொண்டு கிடப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஒவ்வொரு திட்டும் துத்தநாகத்தின் தனித்தனிப் படிகம். இரும்பு, செம்பு, எஃகு முதலியவற்றில் இத்திட்டுகள் மிகச் சிறியவையாதலால் நுண்ணோக்கியில்தான் தெரியும். எனினும் அவற்றுள்ளும் அணுக்கள் வரிசை தவறாமல், தளத்தின்மேல் தளமாக அடுக்கப்பட்டே இருக்கின்றன.

ஓர் இரும்புக் கம்பி முறியாமல் வளைகிறதென்றால், அதன் படிகங்களுக்குள்ளே ஓர் அணுத்தளம் அடுத்த தளத்தின்மேல் வழுக்கிச் சென்றிருக்கிறது என்று பொருள். ஆனால் ஒரு தளம் முழுவதையும் ஒரே சமயத்தில் வழுக்கச் செய்வதற்கு வேண்டிய பலத்தை 1926-இல் ரஷ்ய விஞ்ஞானி ஃபிரெங்கெல் கணக்கிட்டபோது, உண்மையில் உலோகம் வளைவதற்குப் போதுமான பலத்தைப்போல் அது ஆயிரம் மடங்கு அளவுக்குப் பெரிதாக இருந்தது. கணக்கும் பிரத்தியட்சமும் இவ்வளவு முரண்பட்டது ஏன் என்பதற்கு 1934-இல் இங்கிலாந்தின் ஜி.ஐ. டெய்லரும், ஹங்கேரியில் பிறந்த ஒரோவானும் பொலானியும் ஒருவரையொருவர் சாராமல் ஒரே விடையைக் கண்டனர். எந்தப் படிகமும் குறையற்றதன்று. அதன் அடுக்குகளுக்கு நடுவே பாதியில் நின்றுபோன அணுத்தளங்கள் உண்டு. அவ்வாறு நின்றுபோன தளத்தின் விளிம்பு ஒரு கோடாகப் படிகத்தின் ஊடே ஓடுகிறது. இதனை இடப்பிறழ்வு என்பர். பலம் செலுத்தினால் தளம் முழுவதும் நகர்வதில்லை. அந்தக் கோடு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு, அதிலிருந்து அதற்கடுத்த வரிசைக்கு என்று மெல்ல ஊர்ந்து மறுகரையை அடைகிறது. அடைந்ததும் ஓர் அணுவின் அகலத்துக்குப் படிகம் வழுக்கியிருக்கும். சூடேற்றி மெல்ல ஆறவைத்து நன்றாகப் பதமாற்றிய உலோகத்திலும் ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுமுகத்தை இத்தகைய கோடுகள் பத்து லட்சம் என்ற அளவில் ஊடுருவுகின்றன. நாம் தகட்டை மடக்குவதும் கம்பியை இழுப்பதும் பாத்திரத்தைத் தட்டி உருக்கொடுப்பதும் இவற்றின் நடமாட்டத்தால்தான் இயலுகின்றன.

இடப்பிறழ்வுகள் நகர நகரப் பெருகவும் செய்கின்றன. பெருகியபின் ஒன்றை ஒன்று மறித்துச் சிக்கிக்கொள்கின்றன. மின்சார வேலை செய்பவர் ஒரு செப்புக் கம்பியை ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் மடக்கும்போது, முதலில் இணங்கிய கம்பி பிறகு விறைப்பதை விரலாலேயே உணர்கிறார். இந்த விறைப்பு பெரும் பாதுகாப்பு. ஒரு கம்பியை இழுக்கும்போது எந்த இடம் முதலில் சற்று நீள்கிறதோ அந்த இடம் உடனே கடினமாகிவிடுவதால், அடுத்து நீளும் முறை பக்கத்து இடத்துக்குச் சேர்கிறது. அதுவும் கடினமானதும் வேறோர் இடம் முன்வருகிறது. இவ்வாறு சுமை கம்பியின் முழு நீளத்துக்கும் பங்கிடப்பட, அது முறியுமுன் நெடுந்தூரம் நீள்கிறது. நல்ல உலோகம் அபாயத்தை முன்கூட்டி அறிவித்துவிட்டு, வளைந்து, நெளிந்து, கடைசியில்தான் உடைகிறது என்பதன் சூட்சுமம் இதுவே.

இனிக் கதிரின் செயலைக் காண்போம். உலோகத்தின் அமைப்பைக் கலைப்பதில் நியூட்ரானுக்கு நிகரானது இல்லை என்று சொல்லலாம். மின்னேற்றம் அற்றதாகையால் அணுக்களின் எலெக்ட்ரான் திரையால் தடுக்கப்படாமல் உள்ளே புகுந்து, அணுக்கருவோடு நேராக மோதவல்லது அது. அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போதெல்லாம் இத்துகள்கள் பெருவேகத்தில் சிதறுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவில் முதல் உலைகள் எழும்பிக்கொண்டிருந்தபோதே, அங்குக் கணித்துக்கொண்டிருந்த யூஜின் விக்னர், வேக நியூட்ரான்கள் உலையின் கிராஃபைட் கட்டைகளில் உள்ள அணுக்களை இடம்பெயர்த்துவிடும் என்று முன்னறிவித்தார். அவர் சொன்னது பலித்தது. இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேல் உலையில், இவ்வாறு கிராஃபைட்டுக்குள் தேங்கிய சக்தியைச் சூடேற்றி வெளியேற்ற முயன்றபோது, 1957 அக்டோபரில் தீ மூண்டு, கதிரியக்கப் பொருள்கள் காற்றில் பரவின.

உலோகத்தினுள் நடப்பதை எண்களால் சொல்வது நன்று. ஓர் இரும்பு அணுவை அதன் இருப்பிடத்திலிருந்து நிரந்தரமாகப் பெயர்க்க ஏறத்தாழ 40 எலெக்ட்ரான்-வோல்ட் சக்தி போதும். பத்து லட்சம் எலெக்ட்ரான்-வோல்ட் சக்தியுள்ள ஒரு நியூட்ரான் இரும்பு அணுக்கருவை மோதினால், அதற்குச் சராசரியாக 35,000 எலெக்ட்ரான்-வோல்ட் அளவு சக்தியைக் கொடுத்துவிடுகிறது. அடிபட்ட அந்த அணு அண்டை அணுவை அடிக்க, அது வேறொன்றை அடிக்க, ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அகலமே உள்ள சிறு வட்டாரத்தில் சில நூறு அணுக்கள் ஒரே கணத்தில் நிலைகுலைகின்றன. கணம் என்றது மிகை. ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் பங்குகளில் சிலவற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கலவரம் ஓய்ந்ததும் பெரும்பாலான அணுக்கள் ஏதேனும் ஒரு காலியிடத்தில் அமர்ந்துவிடுகின்றன. உலோகம் தன் படிக ஒழுங்கை இழப்பதில்லை என்பதற்குக் காரணம் இந்த மீட்சிதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேதம் எஞ்சுகிறது: அணு இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடமும், இருக்கக்கூடாத இடுக்கில் செருகிக்கொண்ட அணுவும்.

எஃகு எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதை, அதில் உள்ள ஒவ்வோர் அணுவும் சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்க்கப்பட்டது என்ற கணக்கால் அளக்கிறார்கள், டி.பி.ஏ. என்பது அந்த அளவையின் பெயர். நீரால் குளிரும் உலையின் வெளிக்கலனுக்கு அதன் ஆயுள் முழுவதிலும் இந்த எண் ஒன்றின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. வேக நியூட்ரான்களைக்கொண்டே இயங்கும் வேக ஈனுலையின் மையத்தில் எரிபொருளைச் சுற்றியுள்ள உறைக்கோ அது நூறை எட்டவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்குள் அந்த உறையின் ஒவ்வோர் அணுவும் நூறு முறை தன் இடத்தைவிட்டுத் துரத்தப்பட்டும் உறை உறையாகவே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித புத்தியின் துணிவுகளில் ஒன்று.

எஞ்சிய வெற்றிடங்களும் இடுக்கு அணுக்களும் சும்மா இருப்பதில்லை. வெப்பத்தால் உலவி, தம்மினத்தோடு கூடி, தட்டையான வளையங்களாகவும் சிறுசிறு கொத்துகளாகவும் படிகமெங்கும் அடர்ந்து நிறைகின்றன. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அவை கரும்புள்ளிகளாகத் தெரியும். இடப்பிறழ்வு நகரும் வழியில் எல்லாம் இந்தப் புள்ளிகள் குறுக்கே நிற்பதால் அது எளிதில் ஊர இயலாது. உலோகத்தை வளைக்க முன்னிலும் மிகுந்த பலம் வேண்டியதாகிறது. பதமாற்றிய 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு வளையத் தொடங்குவதற்குச் சுமார் 200 மெகாபாஸ்கல் அழுத்தம் போதுமென்றால், 300 டிகிரி வெப்பநிலையில் சில டி.பி.ஏ. கதிர் பட்டபின் அதே எஃகுக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வேண்டும். இதைமட்டும் கேட்பவர், கதிர் பட்டால் எஃகு வலிமை பெறுகிறதே என்று மகிழக்கூடும். விபரீதம் இதற்குப் பின்தான்.

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறி நடப்பவர்கள் இதன் பின்விளைவை எளிதில் அறிவார்கள். புதர் மண்டாத சரிவில் ஆட்கள் தத்தம் விருப்பப்படி நாலா பக்கமும் பரவி ஏறுவர்; மலையின் முகமெல்லாம் காலடி படும், எங்கும் தடம் ஆழப் பதியாது. அதே சரிவில் உண்ணிச்செடி அடர்ந்து முட்புதராகிவிட்டால் எவராலும் எளிதில் நுழைய முடியாது. முதலில் அரிவாளோடு ஒருவர் போராடிப் புதரை வெட்டிச் செல்கிறார். பின்னால் வருபவர் புதிய வழி தேடுவாரா? வெட்டிய வழியிலேயே வருகிறார். அவருக்குப் பின் வருபவரும் அப்படியே. ஒவ்வொரு நடைக்கும் அந்த ஒற்றையடிப் பாதை மேலும் சுத்தமாகிறது, மேலும் எளிதாகிறது; நூறு பேரும் அதிலேயே நடக்க, மழைக்காலத்தில் அந்த ஒரே தடத்தில் மண் அரித்துப் பள்ளம் விழுகிறது. சரிவின் மற்றப் பகுதியோ ஒரு காலடியும் படாமல் கிடக்கிறது.

கதிர்பட்ட உலோகத்துக்குள் நிகழ்வது இதுவே. பெரும் பலத்தால் உந்தப்பட்ட முதல் சில இடப்பிறழ்வுகள் வழியில் நிற்கும் வளையங்களையும் கொத்துகளையும் வெட்டியும் விழுங்கியும் ஒரு தளத்தைச் சுத்தப்படுத்திச் செல்கின்றன. பின்னால் வரும் ஆயிரமும் அந்தச் சுத்தமான வழியையே பற்றுகின்றன. 1960-களில் கதிர்பட்ட செம்பு முதலிய உலோகங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், கரும்புள்ளிகள் நிறைந்த பரப்பின் நடுவே, புள்ளியே இல்லாத நேரான ஒடுங்கிய பட்டைகள் ஓடுவதைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. படிகத்தின் சிதைவு முழுவதும் அப்பட்டைகளுக்குள் ஒடுங்கியிருந்தது. இடையில் உள்ள பரப்பு ஏறக்குறைய அசையவே இல்லை.

செப்புக் கம்பியில் நாம் கண்ட நியமம் இங்கே தலைகீழாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான உலோகத்தில் நீண்ட இடம் கடினமாகித் தன் பங்கை அடுத்த இடத்துக்கு விட்டுக்கொடுத்தது. கதிர்பட்ட உலோகத்தில் நீண்ட இடம் மென்மையாகிறது. எது முதலில் தளர்ந்ததோ அதுவே மேலும் மேலும் தளர்கிறது. சுமை பங்கிடப்படுவதில்லை. படிகங்களின் எல்லையில் அப்பட்டைகள் சென்று முட்டும் இடங்களில் அழுத்தம் குவிந்து, வெடிப்புக்கு வித்திடுகிறது. முன்பு நூற்றுக்கு முப்பது பங்கு சீராக நீண்ட எஃகு, இப்போது ஒரு பங்குகூடச் சீராக நீளாமல் ஓரிடத்தில் ஒடுங்கி அறுகிறது. பலம் கூடியது, பொறுக்கும் குணம் போயிற்று.

வெப்பநிலை கூடினால் வேறொரு கேடு தலைகாட்டுகிறது. ஸ்காட்லாந்தின் டௌன்ரே வேக உலையிலிருந்து எடுத்த எஃகு உறைகளை ஆராய்ந்த காதார்னும் ஃபுல்டனும், அவ்வெஃகின் உள்ளே மிக நுண்ணிய வெற்றறைகள் நிறைந்திருப்பதை 1967-இல் உலகுக்கு அறிவித்தனர். இடுக்கு அணுக்கள் இடப்பிறழ்வுகளால் சற்று மிகுதியாக ஈர்க்கப்பட்டு அவற்றில் போய்ச் சேர்ந்துவிட, துணையிழந்த வெற்றிடங்கள் ஒன்றுகூடி அறைகளாகின்றன. அணுக்கரு மாற்றங்களால் எஃகுக்குள்ளேயே பிறக்கும் ஹீலியம் வாயு அந்த அறைகளுக்குக் கருவாக உதவுகிறது. விளைவு, திட எஃகு பருக்கிறது. 400 முதல் 600 டிகிரி வரையுள்ள வெப்பநிலையில், ஒரு கட்டத்தைத் தாண்டியபின், ஒவ்வொரு டி.பி.ஏ.வுக்கும் கனபரிமாணம் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடிக்கொண்டே போகக்கூடும். மிகக் குறுகிய இடைவெளிகளோடு நெருக்கி அடுக்கிய உலை உள்ளகத்தில் இது சாதாரண விஷயமன்று. அறுகோணக் குழல்கள் பருத்து வளைந்தால் அவற்றை வெளியே உருவி எடுப்பதே பெரும்பாடாகிவிடும்.

இந்தச் சங்கடங்களோடு தமிழ்நாட்டு மண்ணிலேயே நாற்பது ஆண்டுகளாகப் போராடிவரும் இடம் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். 1971-இல் உலை ஆராய்ச்சி மையம் என்ற பெயரோடு தொடங்கிய அந்நிறுவனத்தில், வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18-இல் முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டியது. திரவ சோடியத்தால் குளிரூட்டப்படும் அந்தச் சிற்றுலையில் யுரேனிய, புளுட்டோனியக் கார்பைடு எரிபொருளாகிறது. அதன் எரிப்பளவு, அதாவது எரிபொருளிலிருந்து பெறப்படும் மொத்தச் சக்தி, ஒரு டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் வரை உயர்ந்தது. எரிபொருளின் ஆயுளுக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் எரிபொருளன்று, அதைச் சுமக்கும் எஃகுதான். ஆகவே எரிப்பளவை ஒவ்வொரு படியாக உயர்த்துமுன் எஃகின் நிலையைச் சோதித்தறிய வேண்டியதாயிற்று.

அச்சோதனை நடக்கும் கூடங்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கனத்த கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால், ஆர்கான் வாயு நிறைந்த அறையில், உலையிலிருந்து வந்த எரிபொருள் குழல் கிடக்கிறது. மனிதர் அருகே செல்ல இயலாது. ஈயம் கலந்த தடித்த கண்ணாடிச் சாளரத்துக்கு இப்பால் நிற்கும் தொழில்நுட்பவாணர், சுவரைக் கடந்து செல்லும் இயந்திரக் கைகளைத் தம் கைகளால் இயக்குகிறார். இவர் விரலை மடக்கினால் அங்கே இடுக்கி மடங்குகிறது. குழலின் விட்டத்தை அளந்து, அறுத்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய வட்டத் தகடுகளாக்கி, அவற்றில் ஒன்றைப் பிடிப்பானில் இறுக்கி, சிறிய உளியால் மெல்லக் குத்தி வெட்டுகிறார்கள். எவ்வளவு பலத்துக்கு அது இணங்கியது, இணங்கியபின் எவ்வளவு தூரம் தாங்கியது என்று வரையப்படும் ஒரு வளைகோட்டிலிருந்து, பல ஆண்டுகள் உலைக்குள் வாழ்ந்த எஃகின் ஆயுள் கணிக்கப்படுகிறது. உலையின் எரிபொருள் தொகுதிகளைத் தாங்கும் அடித்தட்டை எளிதில் மாற்ற இயலாதாகையால், அதே எஃகின் மாதிரித் துண்டுகளையும் உலைக்குள் வைத்துக் கதிரூட்டி இவ்வாறே சோதித்தனர். பல ஆண்டுகள் காத்திருக்க முடியாத ஆராய்ச்சிகளுக்கு வேறொரு குறுக்குவழியும் அங்கே கையாளப்படுகிறது. 17 லட்சம் வோல்ட் துகள்முடுக்கியிலிருந்து நிக்கல் அயனிகளை எஃகின்மேல் பாய்ச்சி, உலையில் பல ஆண்டுகளில் நேரும் சேதத்தைச் சில மணி நேரத்தில் உண்டாக்கி, எஃகு எவ்வளவு பருக்கிறது என்று அளக்கிறார்கள்.

இந்த அறிவு வீண்போகவில்லை. 2024 மார்ச்சில் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு, டி-9 என்னும் எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது. குரோமியமும் நிக்கலும் ஏறத்தாழப் பதினைந்து பதினைந்து சதவீதம் கொண்ட அதில் சிறிது டைட்டானியம் சேர்த்திருக்கிறார்கள். அது கார்பனோடு கூடி உண்டாக்கும் நுண்துகள்கள் ஹீலியத்தைப் பற்பல இடங்களில் சிறுகச் சிறுகப் பிடித்துவைத்துப் பெரிய அறைகள் உருவாவதைத் தாமதப்படுத்துகின்றன. அதோடு, குளிர்ந்த நிலையிலேயே எஃகை நூற்றுக்கு இருபது பங்கு இழுத்து நசுக்கிவிடுவதால் முன்கூட்டியே இடப்பிறழ்வுகள் பெருகி, வெற்றிடங்களும் இடுக்கு அணுக்களும் சந்தித்து அழிவதற்கு வேண்டிய இடங்கள் மிகுகின்றன. குறையையே மருந்தாக்கும் வைத்தியம் இது.

அதே கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் அனுபவம் வேறு வகையானது. அதன் இரண்டு உலைகள் ஒவ்வொன்றிலும் 306 அழுத்தக் குழாய்கள் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டுள்ளன. வளிமண்டல அழுத்தத்தைப்போல் எண்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கொதிசூடான கனநீரையும் எரிபொருளையும் தாங்குபவை அவை. சிர்க்கோனியக் கலவையால் ஆன அக்குழாய்களில் அணுக்கள் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால், கதிர் பட்டால் படிகம் ஒரு திசையில் நீண்டு மற்றொரு திசையில் சுருங்குகிறது. எந்தச் சுமையும் இல்லாமலே குழாய் நீள்கிறது. சுமையும் சேர்ந்தாலோ, கடினமாகிவிட்ட அதே உலோகம், கதிரின் ஊக்கத்தால் மிக மெதுவாக ஊர்ந்து தொய்கிறது. விரைந்த இழுப்புக்கு விறைத்து நிற்பதும் நெடுநாள் சுமைக்குத் தொய்ந்து கொடுப்பதும் ஆகிய இரு முரண்பட்ட குணங்களும் ஒரே குழாயில் குடிகொள்கின்றன.

தொய்ந்த குழாய் தன்னைச் சூழ்ந்த குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டுவிட்டால், உலோகம் உறிஞ்சிய ஹைட்ரஜன் அவ்விடத்தில் திரண்டு கொப்புளமாகி, வெடிப்புக்கு இடமாகும். கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983 ஆகஸ்டில் ஓர் அழுத்தக் குழாய் இவ்விதம் ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. அந்தப் பாடத்தை ஏற்று, இந்தியாவிலும் பழைய சிர்க்கலாய்-2 குழாய்கள் கண்காணிக்கப்பட்டு, கல்பாக்கத்தின் இரண்டாம் உலையில் 2002-இலும் முதல் உலையில் 2003-இலும் தொடங்கி, குழாய்கள் ஒட்டுமொத்தமாக அகற்றப்பட்டு, நயோபியம் சேர்ந்த சிர்க்கோனியக் குழாய்கள் பொருத்தப்பட்டன.

மாற்ற இயலாத உறுப்பு ஒன்றும் உண்டு. கூடங்குளத்தில் உள்ளவை போன்ற உலைகளின் பெரிய அழுத்தக் கலன் அத்தகையது. கலனின் எஃகு சூட்டில் நெகிழ்வாகவும், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே நொறுங்குவதாகவும் இருக்கும். கதிர் பட்டு எஃகு கடினமாக ஆக, அந்த எல்லை வெப்பநிலை மேல்நோக்கி நகர்ந்துகொண்டே வரும். செம்பு, நிக்கல், பாஸ்பரஸ் ஆகியவை எஃகிலும் அதன் பற்றவைப்பிலும் மிகுந்திருந்தால் நகர்வும் மிகும். அதனால்தான் கலனின் எஃகிலிருந்தே செய்த சோதனைத் துண்டுகளை உலைக்குள் வைத்து, குறித்த காலங்களில் எடுத்து, சம்மட்டி ஊசலால் அடித்து முறித்து, எல்லை எங்கே வந்து நிற்கிறதென்று பார்க்கிறார்கள். ரஷ்யாவின் நோவோவொரோனெஷ் நிலையத்தில் 1987-இல் ஒரு கலனையே 400 டிகிரிக்கு மேல் பல நாள் சூடேற்றி, அதன் இழந்த நெகிழ்ச்சியைப் பெருமளவு மீட்டனர். சூட்டில் அணுக்கள் மீண்டும் உலவித் தத்தம் இடங்களை அடைகின்றன. ஆயினும் எல்லாச் சேதமும் இவ்வாறு ஆறுவதில்லை. பருத்த எஃகைச் சூடேற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது நடைமுறையில் ஆகாத காரியம்.

ஓர் உலோகத்தின் நற்குணத்தை அதன் கடினத்தைக்கொண்டு மட்டும் மதிப்பிடுவது பிழை என்பதே இவ்வளவாலும் பெறப்படும் முடிவு. சுமை வந்தபோது எல்லா அணுக்களும் சிறிது சிறிதாக இணங்கி அதைப் பங்கிட்டுக்கொள்ளும் தன்மையே உண்மையான வலிமை. கதிர்வீச்சு அபகரிப்பது அதைத்தான். அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. பளபளப்பும் உறுதியும் குறையாத எஃகு, உள்ளே தன் பொறுமையை இழந்திருக்கக்கூடும். ஆகவே உலைகளின் பாதுகாப்பு என்பது கட்டிமுடித்த நாளில் உறுதிசெய்யப்பட்டு முடிந்துவிடும் காரியமன்று. உலை இயங்கும் நாளெல்லாம் துண்டு துண்டாகச் சோதித்து அறிந்துகொண்டே இருக்கவேண்டிய கடமை.

அக்கடமையை நம் விஞ்ஞானிகள் செய்துவருகிறார்கள். அவர்கள் மேற்கொள்ள வேண்டிய மற்றொரு கடமையும் உண்டு. கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் அருகில் வாழும் மீனவரும் உழவரும், போடிமெட்டுச் சாலையில் ஜீப்பேறும் தொழிலாளியும், கதிர்வீச்சைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு, அச்சுறுத்தும் வதந்தியோ அடக்கும் அதிகாரமோ விடையாகாது. சோதனைத் துண்டுகள் எந்த ஆண்டு எடுக்கப்பட்டன, எவ்வளவு கடினமாகியிருந்தன, எவ்வளவு நெகிழ்ச்சி எஞ்சியிருக்கிறது என்பதை, ஒவ்வொரு நிலையமும் தெளிந்த தமிழில், எண்களோடு, ஆண்டுதோறும் வெளியிட முன்வர வேண்டும். அவற்றைப் படித்துக் கேள்வி கேட்கும் பொறுப்பை வாசகர்களாகிய நாமும் ஏற்க வேண்டும்.